மேவிஸின் சம்மதம்

மே 2, வெள்ளி

பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலை நடை முடித்துப் பேருந்தைப் பள்ளிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு எழுதுகிறேன். மழை. நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கிலில், மழை என்று எழுதுவது மைக்கு நஷ்டம், ஆனாலும் மழை.

அடுத்த தடத்துக்கு வந்திருக்கும் புது ஓட்டுநர் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறான். "வியாழக்கிழமை ஆனா உங்க கராஜ்ல விளக்கு எரியுது, ஆளுங்க கத்தறாங்க. என்னதான் நடக்குது?" என்று கேட்டான். விளையாட்டு என்றேன். சீட்டா என்றான். இல்லை, நான் கதையை நடத்துவேன், நாலு பேர் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு இதைச் செய்கிறோம் அதைச் செய்கிறோம் என்பார்கள், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும் என்றேன். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்றான். ஒன்றும் கிடைக்காது. பாவமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

நேற்று உள்ளே வந்து பார்த்திருந்தால் இன்னும் பாவப்பட்டிருப்பான். ஒரு கதவு. குகைக்குள் ஒரே ஒரு மரக்கதவு. சாயங்காலம் முழுக்க அது திறக்கவில்லை. யூவன்தான் காரணம். நகராட்சியில் கட்டட அனுமதி கொடுக்கிற வேலை அவருக்கு, அந்த வேலையை ஐந்து மணிக்குக் கழற்றி வைக்கத் தெரியாது. "இந்தக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? ஆட்டப் புத்தகத்துல போடலையே. தீப்பிடிச்சா எப்படி வெளிய போறது?" டிராகன் குடியிருக்கிற குகையில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு பெரிய மனிதர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி லோர்னா பின்னல் வேலையை எடுத்துவிட்டாள். ராவிரி இறைச்சித் தொழிற்சாலையில் விடிகாலை வேலைக்குப் போகிறவன், நிஜமாகவே தூங்கிவிட்டான். அவன் வேடமும் தூங்குமூஞ்சி மந்திரவாதிதான் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது நாலாவது ஆளான இஷ்பெல் சொன்னாள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை கிடைத்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைதான். ஜூன் இருபத்தெட்டாம் தேதி விமானம்.

"அதுக்குள்ள மேவிஸைக் கொன்னுடணும் நோலீன். நாலு வருஷமா அந்த டிராகனைத் துரத்தறோம். கொல்லாம போனா எனக்கு ஆறாது."

சரி என்றேன். நல்ல செய்தி என்றும் சொன்னேன். துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 3

பெர்த்தில் எந்நேரமும் வெயிலாம். அடிக்கட்டும்.

மே 9, வெள்ளி

இஷ்பெல் போவதற்குள் கதையை முடிக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே மனது. அதுதான் வினை.

யூவன் ஒரு தாள் அச்சடித்து, லாமினேட் வேறு செய்து கொண்டு வந்திருந்தார். ஆட்டத்தை வேகப்படுத்த நமக்கு நாமே சில விதிகள் போட்டுக்கொள்ள வேண்டுமாம். புத்தகத்து விதிகள் யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதியவை, நம் கராஜுக்கு ஏற்றவை இல்லையாம். முதல் விதி: அவரவர் முறை வரும்போது ஒரு மணல் கடிகாரம் ஓடுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

நல்ல விதிதான். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மணல் ஓடுமா என்று லோர்னா கேட்டாள். கடிகாரத்தைப் படுக்க வைக்கலாம் என்றார் யூவன். படுக்க வைப்பதற்கு அதிகாரம் யாருக்கு என்றாள் லோர்னா. முப்பது வருடம் சேர்ந்து வாழ்கிறவர்கள் இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருக்கலாம். வேகமாக ஆடுவது எப்படி என்று தீர்மானிப்பதிலேயே நேற்றைய ஆட்டம் போயிற்று.

ஓட்டெடுப்பு நடத்தினோம். அப்போதுதான் லோர்னா இரண்டாம் விதியைச் சொன்னாள்: யார் தீர்மானம் கொண்டு வந்தாலும் கூடவே ஒரு தட்டுப் பலகாரமும் கொண்டு வர வேண்டும். கண்டவர் கண்ட விதியைச் சொல்லாமல் இருக்க அது ஒரு கடிவாளமாக இருக்கும் என்றாள்.

நேற்றைய தீர்மானத்துக்கு அவளே ரொட்டியில் சீஸைச் சுருட்டிச் சுட்ட சீஸ் ரோல் கொண்டு வந்திருந்தாள். லோர்னாவின் சீஸ் ரோல். இந்த ஊரில் அதைத் தின்ற பிறகு எதிர்த்து ஓட்டுப் போட்டவர் யாரும் உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை. ராவிரி இரண்டு கையையும் தூக்கினான்.

மே 16, வெள்ளி

எதிர்பார்த்ததுதான். கடிவாளம் என்றாளே, அது தீனிப்பையாகிவிட்டது. நேற்று வந்த தீர்மானங்கள் நான்கு, தட்டுகள் நான்கு.

கதையில் லோர்னா ஏறி வரும் குதிரை இனிமேல் எந்தக் கட்டடத்துக்குள்ளும் வரலாம், படிக்கட்டு ஏறலாம். நிறைவேறியது. ராவிரி தூங்குவதும் ஒரு செயலாகக் கணக்கில் வரும். நிறைவேறியது, அவன் கொண்டு வந்தது ஆட்டுக்கறிப் பை, சூடாக. யூவன் கொண்டு வந்த இரண்டும் விதிகளைப் பற்றிய விதிகள். அதில் ஒன்று, நிறைவேறிய எந்த விதியையும் ஆறு மாதத்துக்கு நீக்கக் கூடாது. "ஒரு கட்டடம் நிக்குதா விழுதான்னு தெரியறதுக்கு ஒரு குளிர்காலமாவது போகணும் நோலீன். விதியும் அப்படித்தான்."

ராவிரியிடம் தனியாகக் கேட்டேன், நீ எதற்கு எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறாய் என்று.

"அக்கா, நான் விதிக்கு ஓட்டுப் போடல. அடுத்த வாரத் தட்டுக்கு ஓட்டுப் போடறேன்."

நாட்டை ஆள்கிறவர்கள் யாராவது இவ்வளவு நேர்மையாகச் சொன்னதுண்டா?

அந்தக் கதவு மட்டும் திறந்துவிட்டது. குதிரை உதைத்தது.

மே 23, வெள்ளி

நேற்று இஷ்பெல்லின் ஆள் செத்துப்போனாள்.

மட்டன் சீமாட்டி என்று பெயர். திருடி. நாலு வருடமாக இஷ்பெல் அவளாகத்தான் இந்த மேசையில் உட்கார்கிறாள், என் வலது பக்கத்து நாற்காலியில். பாலத்தில் ஒரு பலகை இற்றுப்போயிருந்தது. நான்தான் அப்படி வைத்திருந்தேன், சும்மா ஒரு பயமுறுத்தலுக்கு. இஷ்பெல் பகடையை உருட்டினாள். ஒன்று. பலகையைப் பிடிக்க இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். மறுபடி ஒன்று. புத்தகப்படி அவ்வளவுதான், ஆள் பள்ளத்தில்.

ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது. "பரவால்ல, வேற ஆளை எழுதிக்கறேன்," என்றாள் இஷ்பெல். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல்.

யூவன்தான் எழுந்தார். தட்டு இல்லாமலே தீர்மானம் கொண்டு வந்தார், அதற்காக மன்னிப்பும் கேட்டார், கார் பெட்டியிலிருந்து பாதி பாக்கெட் பிஸ்கெட் எடுத்து வந்து நடுவில் வைத்தார். விதி இதுதான்: அந்த வேடத்தின் சொந்தக்காரர் சம்மதிக்காமல் யாரும் சாகக் கூடாது. ஐந்து கையும் உயர்ந்தன. முதல் கை என்னுடையது. மட்டன் சீமாட்டி பள்ளத்திலிருந்து ஏறி வந்துவிட்டாள்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் யூவன். "பூதத்துக்கும் பொருந்தும், எலும்புக்கூட்டுக்கும் பொருந்தும்."

"மேவிஸுக்கு?" என்றேன். மேவிஸ் பேசுவதும் கடிப்பதும் நான்தான், அதனால் சொந்தக்காரி நான்.

"மேவிஸுக்கும்தான்."

சிரித்தோம். யூவன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் என்றைக்கும் வந்ததில்லை.

மே 30, வெள்ளி

பூதங்கள் சாக மறுக்கின்றன.

நியாயமாகப் பார்த்தால் நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் விதி போட்ட கையோடு அனுபவிக்கட்டும் என்று தோன்றியது. யூவனின் பூசாரி ஒரு பூதத்தை ஈட்டியால் குத்தினார். "உயிர் போச்சு, சம்மதமா?" என்றார், கடமை தவறாமல். "சம்மதம் இல்லீங்க, வீட்ல ரெண்டு குட்டி இருக்கு," என்றேன் பூதத்தின் குரலில். அடுத்த பூதத்துக்கு வயதான அப்பா. மூன்றாவது யோசித்துச் சொல்வதாகச் சொன்னது.

அவர்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டார்கள். லோர்னா ஒரு பூதத்தைக் குதிரை லாயத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டாள். ராவிரி பூதங்களுக்கு ஒரு சங்கம் அமைத்துக் கொடுத்தான், செயலாளர் அவனே. குகையில் ஒரு அடி முன்னேறவில்லை. நான் பத்துக் குரலில் பேசித் தொண்டை கட்டி, இன்று காலை பிள்ளைகளை "உக்காருங்க" என்று அதட்டக்கூட முடியவில்லை.

இஷ்பெல் சிரித்தாள்தான். ஆனால் கார்க் கதவைத் திறந்துகொண்டு, "நாள் போயிட்டே இருக்கு நோலீன்," என்றாள்.

ஜூன் 1

குகைக்கு அடியில் இன்னொரு தளம் வரைந்தேன். நன்றாக வந்திருக்கிறது. சுரங்கத்தில் ஒரு ஏரி.

ஜூன் 6, வெள்ளி

ஏரியைப் பார்த்ததும் இஷ்பெல் பகடையைக் கீழே வைத்தாள். ஏரியில் படகு விடுவதற்கான அனுமதி பற்றி யூவன் பேச ஆரம்பித்தார், அவர் கண்கள் பளபளத்தன. வாழைப்பழக் கேக்குடன் ஒரு தீர்மானம். நிறைவேறியது.

எல்லாரும் போன பிறகு இஷ்பெல் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"போன வாரம் இந்த ஏரி இருந்துச்சா?"

"கதைன்னா வளரத்தான் செய்யும்."

"யூவன் குறுக்க நிக்கறார்னு வாரா வாரம் பொலம்பறியே. அவரு ஒரு விதி போட்டா நீ ஒரு மாடி கட்டறே. உனக்கு முடிக்கவே இஷ்டமில்லையா?"

பைத்தியமா உனக்கு என்றேன். தூறலில் நனைந்துகொண்டே போய்விட்டாள்.

பைத்தியம் யாருக்கு? அவ கேட்டது தப்பா? நான்தானே அந்தக் குகையை நடத்தறேன். ஒரு வார்த்தை — "இதோ மேவிஸ்" — சொன்னா முடிஞ்சுது. சொல்ல வாய் வரல. வியாழக்கிழமைன்னு ஒண்ணு இல்லேன்னா எனக்கு என்ன இருக்கு, வாரத்துல அஞ்சு நாள் அடுத்தவங்க பிள்ளைங்களை ஏத்தி இறக்கறேன், மத்த ரெண்டு நாள் துணி துவைக்கறேன். வலது பக்க நாற்காலியில வேற யாராவது உக்காந்தா நான் என்ன பண்ணுவேன்?

ஜூன் 7

ஏரியைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று மேவிஸ் வந்தாள். நேரே. ஏரி வற்றிவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அவர்களை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

என்ன சண்டை. இந்த நாலு வருடத்தில் அப்படி ஆடியதில்லை. யூவன் ஒரு விதியும் எடுக்கவில்லை, மணல் கடிகாரத்தை யாரும் திருப்பவில்லை. லோர்னா குதிரையோடு மேவிஸின் முதுகில் ஏறிவிட்டாள். ராவிரி விழித்திருந்தான், எழுந்து நின்றே பகடை போட்டான். கடைசியில் மட்டன் சீமாட்டி புகைக்குள் பதுங்கிப் போய்த் தொண்டைக்குக் கீழே கத்தியை வைத்தாள். இஷ்பெல் இருபது முகப் பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது.

எல்லாரும் கத்தினார்கள். கத்தி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அது ஒண்ணு பாக்கி," என்றார் யூவன். "மேவிஸ், சம்மதமா?"

சம்மதம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா. இல்லைன்னு வந்துடுச்சு.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். "மேவிஸ் சாக மாட்டா," என்றேன் மறுபடி. சிரிப்பு நின்றது. யூவன் தாளைப் பார்த்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "விதிப்படி சரிதான்," என்றார் மெதுவாக. அந்த மனிதர் தன் விதியை நினைத்து வருத்தப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இஷ்பெல் பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 14

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 16

எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மாவோரிப் புத்தாண்டு, மாட்டாரிகி விடுமுறை. பேருந்து இல்லை, சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று இஷ்பெல் வரவில்லை. மூன்று பேரும் வந்தார்கள். யூவன் கேக் கொண்டு வந்திருந்தார். வராதவர் சார்பில் இன்னொருவர் ஓட்டுப் போடலாமா என்பது பற்றி ஒரு தீர்மானமாம். லோர்னா, "யூவன், அந்தத் தாளை மடிச்சு வை," என்றாள். வைத்தார். கேக்கைத் தின்றோம். ராவிரி மூன்று துண்டு தின்றுவிட்டு, "அக்கா, நீ மேவிஸுக்காகத்தான் இல்லைன்னு சொன்னியா?" என்றான். தூங்குகிறவன் என்று இவனை நினைத்தது என் தப்பு. தேநீர் போடப் போனேன்.

ஜூன் 24

இஷ்பெல் வீட்டுக்குப் போனேன். வீடு பாதி பெட்டிக்குள் இருந்தது. உட்கார நாற்காலிகூட இல்லை, ஒரு பெட்டி மேல் நானும் இன்னொன்றின் மேல் அவளும். கொஞ்ச நேரம் பெர்த் வீட்டு வாடகை பற்றிப் பேசினோம், ஏதோ தெரியாதவர்கள் மாதிரி.

அப்புறம் சொன்னேன். "போகாதேன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் மேவிஸை விட்டுச் சொல்ல வெச்சேன்."

"ஒரு பல்லியை விட்டு?"

"இருபது கஜப் பல்லி."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஏன்டி, நீயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன். ஆனா நீ என்னைத் தடுக்கணும்னு நெனச்சேன்னாவது தெரிஞ்சிருக்கும். 'நல்ல செய்தி'ன்னியே, அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா?"

தெரியாது. நான் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? கோப்பை துடைத்துக்கொண்டிருந்தவள்தானே நான்.

ஜூன் 27, வெள்ளி

பள்ளிப் பருவம் இன்றோடு முடிகிறது. பிள்ளைகள் பேருந்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள். எழுதிவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

நேற்று ஐந்து பேரும் இருந்தோம். மேவிஸ் சம்மதிக்கிறாள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். யூவன் சங்கடத்தோடு கையைத் தூக்கினார். ஒரு சண்டையில் ஒருமுறை மறுத்தவர் அதே சண்டையில் மாற்றிச் சொல்ல முடியாதாம், மே மாதம் நிறைவேற்றிய விதிகளில் இருக்கிறதாம். நானும் ஓட்டுப் போட்டேனாம். என்ன தின்றுகொண்டிருந்தேனோ. விதியை நீக்கத்தான் ஆறு மாதம் ஆக வேண்டும், திருத்தத் தனித் தீர்மானம் போதுமாம்.

தெரியும், இதைத்தான் சொல்வார் என்று தெரியும். அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்து வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானே செய்த சீஸ் ரோல். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் சூடே படாத ரொட்டி, சீஸ் எல்லாம் தட்டில். தீர்மானம் என்னவென்று சொன்னேன்: சொந்தக்காரி மனசு மாறினால் மாறலாம்.

லோர்னா ஒன்றைக் கடித்துவிட்டு ரொம்ப நேரம் மென்றாள். கையைத் தூக்கினாள். ராவிரி தூக்கினான். இஷ்பெல் தூக்கினாள். "விதியை எழுதினவன்ங்கற முறையில நான் நடுநிலை," என்றார் யூவன். மேசைக்கு அடியில் ஏதோ நடந்தது. அவரும் தூக்கினார்.

இஷ்பெல்தான் கேட்டாள். "மேவிஸ், சம்மதமா?"

சம்மதம் என்றேன். காதில் விழவில்லை என்றார் யூவன், பதிவு செய்ய வேண்டுமாம். சம்மதம் என்றேன், சத்தமாக, மூக்கொழுக.

மேவிஸ் செத்துப்போனாள். கெட்டில் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. நேரம் நிறைய மிச்சமிருந்தது, யாரிடமும் தீர்மானம் இல்லை. லோர்னா அழுதாள், குதிரைக்குக் காலில் அடி, அதனால்தான் என்றாள். என் ரோல்களைக் கடைசித் துண்டு வரை தின்றுவிட்டுத்தான் போனார்கள். ராவிரி மட்டும் வாசலில் நின்று, "அக்கா, இனிமே நீ தீர்மானம் எதுவும் கொண்டு வராதே," என்றான்.

ஜூன் 28

விமான நிலையம். காற்று என் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. துரத்திப் பிடித்துத் திரும்புவதற்குள் விமானம் மேலே போயிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

நேற்று லோர்னா கதை நடத்தினாள். எல்லாம் குதிரைகள். நானும் ஒரு குதிரை. சுமாராக இருந்தது. வலது பக்க நாற்காலியில் யூவன் தன் கோட்டைக் கழற்றிப் போட்டு வைத்தார்.

ஜூலை 25, வெள்ளி

காலை நடை முடித்துத் தொலைபேசியைப் பார்த்தால் இஷ்பெல்லிடமிருந்து நீளமாக ஒரு செய்தி. வீடு பரவாயில்லை, வேலை பரவாயில்லை, வெயில் நிஜமாகவே அடிக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வீட்டில் இதே ஆட்டம் நடக்கிறதாம், கூப்பிட்டார்களாம், போனாளாம். நல்லவர்கள். புத்தகத்தில் உள்ளபடி அப்படியே ஆடுகிறார்கள், ஒரு சொந்த விதிகூடக் கிடையாது, சரசரவென்று போகிறதாம். ஒரே சாயங்காலத்தில் மூன்று சண்டை.

"புதுசா ஒரு ஆளை எழுதிட்டுப் போனேன் நோலீன். முதல் சண்டையிலேயே ஒரு எலி கடிச்சு செத்துட்டா. அடுத்தவங்க முறைன்னு போயிட்டாங்க. சம்மதமான்னு யாருமே கேக்கல."

பேருந்திலேயே உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தேன். அப்புறம் செப்டம்பர் விடுமுறைக்குப் பெர்த்துக்கு டிக்கெட் போட்டேன். சாயங்காலம் யூவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு லோர்னாவோடு வந்து கதவைத் தட்டினார். அவர் கையில் எல்லா விதிகளும், புதிதாக லாமினேட் செய்து, வளையம் போட்டுக் கோத்தது. மடிக்காமல் பெட்டிக்குள் அடியில் வைத்து இஷ்பெல்லிடம் கொண்டுபோக வேண்டுமாம். லோர்னா சீஸ் ரோல் எப்படிச் செய்வது என்று எனக்குக் கற்றுக்கொடுக்க ரொட்டியோடு வந்திருந்தாள்.